கப்பல் ஏற முதல் வந்த நெஞ்சுநோ

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. கோபன்ஹேகனுக்குப் போகவேணும், பின்னேரம் நாலு மணிக்கு முதல் கப்பல் ஏறவேணும். இடையிலை கொஞ்சம் ஊர் பாக்கிறது. இதிலை பிழைக்கிறதுக்கு என்ன இருக்கெண்டுதான் நானும் நினைச்சன்.

முதல் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுறன். நான் ரவி. டென்மார்க்கிலை ஒடென்சே எண்ட ஊரிலை ஜன்னல் செய்யிற பக்ரறியிலை வேலை. மனிசி வதனி வயசுபோனாக்களைப் பராமரிக்கிற இல்லத்திலை வேலை. எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வரியம். அதுக்கு லண்டனிலை இருக்கிற மகள் கீர்த்தி ஒரு கப்பல் பயணம் புக் பண்ணித் தந்தவள். கோபன்ஹேகனிலை ஏறி, ஒரு கிழமை நோர்வேயிலை மலையும் தண்ணியும் பாத்து, திரும்பி வந்து இறங்கிறது. பல்கனி வைச்ச அறை.

"அம்மாவும் அப்பாவும் ஒருக்கா மனிசர் மாதிரி லீவு எடுங்கோ" எண்டாள். அதையும் டெனிஷிலைதான் சொன்னவள். எங்களை ஏசேக்கை அவளுக்குத் தமிழ் வராது.

எல்லாம் முடிவாகி ரெண்டு மாதத்தாலை கோல்டிங்கிலையிருந்து தேவன் மச்சான் போன் எடுத்தார். தேவன் மச்சான் எண்டால் வதனியின்ரை பெரியம்மாவின்ரை மகன். இந்த நாட்டிலை அவளுக்கு இருக்கிற ஒரே அண்ணன். அவரின்ரை மகள் மயூரி பெரியபிள்ளையாகியிட்டுதாம், சாமத்தியவீடாம், ஹோல் எடுத்தாச்சாம், ஞாயிற்றுக்கிழமையாம். எந்த ஞாயிறு எண்டு கலண்டரைப் பாத்தால், நாங்கள் கப்பல் ஏறி மூண்டாம் நாள்.

"தங்கச்சி, நீதான் மாமி. முதல் ஆலாத்தி நீதான் எடுக்கவேணும்" எண்டார்.

ஒரு நேர்மையான மனிசன் இந்த இடத்திலை என்ன செய்திருப்பான்? "மச்சான், மகள் கப்பலுக்குப் புக் பண்ணியிட்டாள், மாத்தேலாது, குறை நினையாதேங்கோ" எண்டு சொல்லியிருப்பான். விசயம் அதோடை முடிஞ்சிருக்கும்.

ஆனால் எங்கடை சனத்திலை அது அதோடை முடியாது. "பிள்ளையின்ரை சடங்கை விட்டிட்டுக் கப்பலிலை போனவை" எண்டு என்ரை செத்தவீட்டிலை கூடக் கதைப்பினம். அதுவும் சாப்பாட்டுக்கு லைனிலை நிண்டு கொண்டு கதைப்பினம்.

அதாலை நான் சொன்னன், "மச்சான், பக்ரறியிலை லீவு தாறாங்கள் இல்லை."

வதனி சொன்னாள், "எனக்கும்தான் அண்ணை. ஆள் காணாதாம்."

டென்மார்க்கிலை அவ்வளவு மாதத்துக்கு முதல் கேட்ட ஒருநாள் லீவைத் தராத பக்ரறியை நான் கண்டதில்லை. தேவன் மச்சானும் கண்டிருக்கமாட்டார். எண்டாலும் நம்பினார். நல்ல மனிசர் அப்பிடித்தான், எங்களை மாதிரி ஆக்களுக்கு நல்ல வசதி.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவம்.

காலமையே கோபன்ஹேகன் ஸ்டேசனிலை இறங்கியாச்சு. ஆளுக்கொரு பெரிய சூட்கேஸ். கப்பல்காரர் அனுப்பின பச்சை லேபலைப் பிடியிலை கட்டியிருந்தம். சூட்கேஸைக் குடுத்து வைக்கிற இடம் ஸ்டேசனிலையே இருந்தது. வதனி, "இஞ்சாருங்கோ, இதிலை வைச்சிட்டுப் போவமே" எண்டாள்.

"ஏன் வைப்பான்? சில்லு இருக்குத்தானே" எண்டன்.

அந்தச் சில்லைப் பற்றி என்னட்டை ஒருத்தரும் இனிமேல் கதைக்கவேண்டாம். கோபன்ஹேகன் பழைய ரோட்டெல்லாம் கல்லுப் பதிச்ச ரோட்டு. நாங்கள் இழுத்துக்கொண்டு போன சத்தத்திலை சைக்கிளிலை போன சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. அரண்மனை முத்தத்திலை கரடித்தொப்பி போட்டுக்கொண்டு அசையாமல் நிக்கிற காவல்காரன் இருக்கிறான் எல்லோ, அவன்ரை கண்ணும் அசைஞ்சதை நான் கண்டனான்.

உடுப்பையும் சொல்லவேணும். எனக்குக் கீர்த்தி அனுப்பின சேட், முழுக்கக் கிளியள். தலையிலை ஓலைத்தொப்பி. வதனிக்கு வெள்ளைக் காற்சட்டையும் முகத்திலை பாதியை மூடுற கறுப்புக் கண்ணாடியும். கப்பலிலை இருவத்திநாலு மணித்தியாலமும் சாப்பாடு எண்டு அவளுக்கு நான் வாசிச்சுக் காட்டினனான். அவள் அதை நம்பேல்லை. இடியப்பம், சம்பல், மீன் கட்லட் எண்டு ஒரு பை நிறையக் கொண்டு வந்தவள்.

நியூஹவ்னிலை, அந்தக் கலர்க்கலர் வீடுகளுக்கு முன்னாலை, தண்ணிக்கரையிலை காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டம். ஒரு கடற்காகம் வந்து என்ரை கையிலையிருந்த கட்லட்டை அடிச்சுக்கொண்டு போச்சு. பக்கத்திலை இருந்த ஜெர்மன்காரர் கைதட்டினவை.

அதுக்குப் பிறகு கப்பல் நிக்கிற கரைக்கு நடந்தம். தூரத்திலை பாத்தால் பத்துமாடி பிளாட் ஒண்டைக் கடலுக்குள்ளை கட்டிவிட்ட மாதிரி வெள்ளையாய் நிண்டுது. முப்பது வரியம் ஜன்னல் செய்தவன், முதல்தரம் ஒரு ஜன்னலுக்குள்ளாலை சும்மா இருந்து வெளியிலை பாக்கப்போறன்.

நேரம் இன்னும் நிறைய இருந்தது.

"போற வழிதானே, அந்தச் சிலையையும் பாத்திட்டுப் போவம்" எண்டன். கரையிலை கல்லிலை குந்திக்கொண்டிருக்கிற அந்த மீன்வால் பெட்டையைத்தான் சொன்னன்.

"அதை எத்தினைதரம் பாத்தாச்சு. வெளிநாட்டிலையிருந்து ஆர் வந்தாலும் ஏர்போட்டிலையிருந்து நேரை அங்கைதானே கூட்டிக்கொண்டு போறம்" எண்டாள் வதனி.

அவள் சொன்ன அந்த வசனத்தை நான் அந்த இடத்திலையே நிண்டு யோசிச்சிருக்கவேணும். சாமத்தியவீட்டுக்கு வெளிநாட்டிலையிருந்து ஆக்கள் வருவினம். ஏர்போட்டிலை வந்து இறங்குவினம். தேவன் மச்சான் போய் ஏத்துவார். ஏத்திக்கொண்டு நேரை எங்கை வருவார்?

நான் யோசிக்கேல்லை. தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டு, சிலைக்கு முன்னாலை நிண்டு, ரெண்டு விரலைக் காட்டிப் போட்டோவுக்குச் சிரிச்சுக்கொண்டிருந்தன்.

"உது ரவியெல்லோ?"

அந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும். திரும்பினால் தேவன் மச்சான். பக்கத்திலை அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு மனிசி. கட்டையாய் வெட்டின தலைமயிர், ஓடுறதுக்குப் போடுற சப்பாத்து, கழுத்திலை ஏர்போட் தலையணை.

"நீங்கள் வேலையெண்டெல்லோ சொன்னனீங்கள்?" எண்டார் மச்சான். கோவமில்லை. அந்த மனிசனுக்குக் கோவம் வந்து நான் கண்டதில்லை. விளங்காமல்தான் கேட்டார். என்ரை கிளிச்சேட்டைப் பாத்தார், சூட்கேஸைப் பாத்தார், திரும்பவும் கிளியைப் பாத்தார்.

கட்லட்டை அந்தக் காகம் அடிச்சதுக்குப் பதிலாய் என்னையே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

வதனி கறுப்புக் கண்ணாடியை மெதுவாய்க் கழட்டினாள். முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியவேண்டாம் எண்டு நினைச்சம். இவருக்கு நெஞ்சிலை ஒரு பிரச்சினை. இஞ்சை பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னவை. ரெண்டு மூண்டு நாள் மறிச்சு வைச்சுப் பாப்பினமாம். கொண்டாட்ட நேரம் உங்கடை மனம் சங்கடப்படக் கூடாதெண்டுதான் வேலையெண்டு சொன்னனாங்கள்."

முப்பது வரியம் ஒரு வீட்டிலை இருந்திருக்கிறன். இவளுக்கு இப்பிடி ஒரு திறமை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. ஒரு நிமிசம் எனக்கே என்னை நினைக்கக் கவலையாய் இருந்தது.

தேவன் மச்சானுக்குக் கண் கலங்கியிட்டுது. வந்து என்னைக் கட்டிப்பிடிச்சார்.

"விசரா, இதை மறைக்கிறதே? நான் ஆர் உனக்கு?"

"பின்னை உந்த உடுப்பு?" எண்டு கேட்டா அந்த மனிசி.

"கடைசியாய் ஒருக்கா ஊர் பாக்கவேணும் எண்டு ஆசைப்பட்டார்" எண்டாள் வதனி. கடைசியாய் எண்ட சொல்லை அவள் போட்டிருக்கத் தேவையில்லை. மச்சான் என்னை இன்னும் இறுக்கிப்போட்டார்.

பிறகுதான் அறிமுகம் நடந்தது. அந்த மனிசி யோகம் அன்ரி. மச்சான்ரை மனிசியின்ரை சித்தி. சாமத்தியவீட்டுக்கெண்டு டொரொன்டோவிலையிருந்து அண்டைக்குத்தான் வந்து இறங்கினவ. "நல்லதாய்ப் போச்சு மச்சான்" எண்டார் தேவன். "அன்ரி அங்கை ஹார்ட் வார்ட்டிலை நேர்ஸாய் இருந்தவ."

நல்லதாய்த்தான் போச்சு.

அன்ரி என்ரை கையைப் பிடிச்சா. மணிக்கட்டிலை விரலை வைச்சு, தன்ரை மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டா. எனக்கு அந்த நேரம் நெஞ்சு அடிச்ச அடியை அந்தச் சிலையே கேட்டிருக்கும்.

"சரியான வேகம்" எண்டா. "வேர்க்குது வேறை. என்ன மருந்து எடுக்கிறீர்?"

"வெள்ளைக் குளிசை" எண்டன்.

"எத்தினை மில்லிகிராம்?"

"சின்னன்."

அன்ரி என்னை ஒருக்கா ஏற இறங்கப் பாத்தா. பிறகு, "தேவன், இவரை நடக்கவிடக்கூடாது. வானைக் கொண்டு வாரும். நாங்களே ஆஸ்பத்திரியிலை விடுவம்" எண்டா.

"வேண்டாம் அன்ரி, கிட்டத்தான், நாங்கள் நடந்து..." எண்டு நான் தொடங்கினன்.

"கதையாதையும். மூச்சை வீணாக்காதையும்."

மச்சான் ஓடிப்போய் வானைக் கொண்டு வந்தார். விருந்தாளியளை ஏத்தவெண்டு வாடகைக்கு எடுத்த பெரிய வான். எங்கடை சூட்கேஸ் ரெண்டையும் அவரே தூக்கினார். அப்பதான் எனக்குப் பச்சை லேபல் ஞாபகம் வந்தது. கப்பலின்ரை பெயர், அறை நம்பர் எல்லாம் கொட்டை எழுத்திலை கிடக்கு. நான் வதனியைப் பாத்தன். அவள் கழுத்திலை கிடந்த சால்வையை உருவி ஒரு பிடியிலை சுத்தினாள். மற்றதுக்கு என்ரை ஓலைத்தொப்பியைப் பிடுங்கிக் கவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போற பெட்டிக்குத் தொப்பி போட்டது அந்த நாட்டிலையே அதுதான் முதல்தரமாய் இருக்கவேணும்.

வான் வெளிக்கிட்டுது. கப்பல் பின்கண்ணாடிக்குள்ளை பெரிசாய்த் தெரிஞ்சுது.

"உதுக்குள்ளை போறது என்ன சனமோ" எண்டார் மச்சான். "ஒரு கிழமை தண்ணிக்குள்ளை நிண்டு கொண்டு, வேலைவெட்டி இல்லாமல் திண்டு திண்டு கிடக்கிறது."

"ஓம் அண்ணை, விசர் சனம்" எண்டாள் வதனி. குரல் உடைஞ்சு போச்சு. மச்சான் அதை என்ரை வருத்தத்துக்கு எண்டு நினைச்சிட்டார்.

கப்பல் சின்னனாய்ப் போய், ஒரு வளைவிலை மறைஞ்சு போச்சு.

என்ரை திட்டம் இதுதான். ஆஸ்பத்திரி வாசலிலை இறங்கி, நன்றி சொல்லி, அவையளை அனுப்பிப்போட்டு டக்ஸி பிடிச்சுத் திரும்பிறது. நேரம் காணும். நல்ல திட்டம். ஆனால் அதிலை ஒரு பிழை இருந்தது. எங்கடை சனம் ஒரு வருத்தக்காரனை வாசலிலை விட்டிட்டுப் போன சரித்திரம் இல்லை.

"நான் வானை விட்டிட்டு வாறன், நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" எண்டார் மச்சான். சூட்கேஸும் வானோடை போச்சு. அன்ரி என்ரை மணிக்கட்டை விடவேயில்லை.

உள்ளுக்குப் போனால் ஒரு மெசின். மஞ்சள் சுகாதாரக் கார்ட்டை அதிலை வைச்சால், இண்டைக்கு உமக்கு எந்த இடத்திலை டைம் எண்டு சொல்லும். மச்சானும் மூச்சிளைக்க வந்து சேந்திட்டார். "கார்ட்டை வை மச்சான்" எண்டார்.

வைச்சன். உங்களுக்கு இண்டைக்கு இஞ்சை டைம் இல்லை, மேசையிலை கேளுங்கோ எண்டு அது டெனிஷிலை எழுதிக்காட்டிச்சுது. நல்ல மெசின். பொய் சொல்லத் தெரியேல்லை.

"மெசின் பழுது போலை" எண்டன்.

மேசையிலை ஒரு இளம் பிள்ளை கொம்பியூட்டரைத் தட்டிப் பாத்துப்போட்டு, "மன்னிக்கவேணும், உங்கடை பெயரிலை ஒண்டும் இல்லையே" எண்டாள். அவள் பாவம், உள்ளதைத்தான் சொன்னவள். ஆனால் தேவன் மச்சான், கோவமே வராத அந்த மனிசன், எனக்காகக் கோவப்பட்டார்.

"ஒடென்சேயிலையிருந்து நெஞ்சு வருத்தக்காரனைக் கூப்பிட்டுப்போட்டு ஒண்டும் இல்லையெண்டால் என்ன அர்த்தம்? நாங்கள் வரி கட்டிறேல்லையோ?" எண்டு டெனிஷிலை பொரிஞ்சு தள்ளினார். பின்னாலை லைனிலை நிண்ட கிழவன் ஒருத்தன், "சரியாய்ச் சொன்னாய்" எண்டான்.

"மச்சான், விடுங்கோ, வீட்டை போவம்" எண்டன் நான்.

"நீ சும்மா இரு."

அந்தப் பிள்ளை என்னைப் பாத்து, "உங்களுக்கு இப்ப நெஞ்சு நோகுதோ?" எண்டு கேட்டாள்.

நான் இல்லை எண்டு சொல்ல வாய் எடுத்தன். "நோகுது" எண்டார் மச்சான். "நோகுது, வேர்க்குது, நாடியும் வேகம்" எண்டா அன்ரி இங்கிலீசிலை. வதனி தான் கட்டின வீட்டுக்குள்ளை தானே சிக்குப்பட்ட ஆள் மாதிரி நிண்டாள்.

கொஞ்ச நேரத்திலை நான் ஒரு கட்டிலிலை. கிளிச்சேட் கதிரையிலை. நெஞ்சு முழுக்க வயர். வதனி மட்டும் பக்கத்திலை. மச்சானும் அன்ரியும் வெளியிலை.

உயரமான ஒரு நேர்ஸ் வந்து ஈசிஜி எடுத்தா. கடதாசியைப் பாத்தா, என்னைப் பாத்தா. "உங்கடை நெஞ்சு அருமையாய் இருக்கு. எப்பத் தொடங்கினது நோ?" எண்டு கேட்டா.

இனிமேல் ஏலாது எண்டு எனக்கு விளங்கிச்சுது. டெனிஷ்காரரிட்டைப் பொய் சொல்லுறதிலை ஒரு கஷ்டம் இருக்கு. அவை அதை நம்பி உடனை ஏதாவது செய்துபோடுவினம். மெதுவாய்ச் சொன்னன்.

"எனக்கு நோ இல்லை. எங்களுக்கு நாலு மணிக்குக் கப்பல்."

"கப்பலோ? அப்ப ஏன் இஞ்சை படுத்திருக்கிறீங்கள்?"

நான் வெளியிலை கையைக் காட்டினன். "குடும்பம்."

அவ கண்ணாடிக் கதவுக்குள்ளாலை பாத்தா. கழுத்திலை தலையணையோடை இருந்த அன்ரியைப் பாத்தா. "ம்ம்" எண்டா. இதுக்கு மேலை விளக்கம் தேவைப்படேல்லை. அவவுக்கும் ஆரோ இருந்திருப்பினம்.

"டொக்டர் ஒருக்காக் கடதாசியைப் பாக்கவேணும்" எண்டு போய், கெதியாய்த் திரும்பி வந்தா. "ஒண்டும் இல்லை, நீங்கள் போகலாம். அந்தப் பக்கத்தாலை போனால் வேறை வாசல். வெளியிலை டக்ஸி நிக்கும். இப்ப போனால் பிடிக்கலாம்."

நான் ஒரே பாய்ச்சலிலை எழும்பினன். சேட்டைப் போட்டன், தெறியெல்லாம் ஓட்டை மாறிப் போச்சு.

"பெட்டி?" எண்டாள் வதனி.

"பெட்டியை விடும். கப்பலிலை ஏதும் வாங்குவம்."

"எல்லாச் சேலையும் அதுக்குள்ளை."

"சேலையோ கப்பலோ?"

அவள் ஒரு நிமிசம் உண்மையாய் யோசிச்சாள். பிறகு, "சரி, வாங்கோ" எண்டாள்.

மெல்ல நடந்தம். அந்தப் பக்கத்து வாசலுக்குப் போறதெண்டால் ஆக்கள் காத்திருக்கிற அறையின்ரை பின்பக்கத்தாலை போகவேணும். தேவன் மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோப்பி மெசினுக்குப் பக்கத்திலை நிண்டு போனிலை கதைச்சுக்கொண்டிருந்தார். மனிசியோடை.

"இல்லையப்பா, நான் இஞ்சை நிக்கப்போறன். ரவியை விட்டிட்டு வரேலாது. பாட்டுக்காரருக்குச் சொல்லு வேண்டாம் எண்டு. சமையல்காரருக்கும் சொல்லு. ஹோல் போனால் போகட்டும். அவன் இப்பிடிக் கிடக்கேக்கை என்ன கொண்டாட்டம்? எனக்கு இந்த நாட்டிலை அதுகள் ரெண்டையும் விட்டால் ஆர் இருக்கினம்?"

மற்றக் கையாலை கண்ணைத் துடைச்சார்.

நான் நிண்டிட்டன். வெக்கம் எண்டால் அப்பிடி ஒரு வெக்கம். பிள்ளை ஒண்டு கனநாளாய் ஆசைப்பட்டுப் பாத்துக்கொண்டிருந்த நாளை, எங்கடை வாயிலையிருந்து வந்த ஒரு பொய் நிப்பாட்டப் போகுது. வாசல் எனக்கு எட்டின தூரத்திலை. வெளியிலை டக்ஸி நிக்கிறதும் தெரியுது.

வதனி என்ரை கையைப் பிடிச்சாள். அவளும் அழுதுகொண்டு நிண்டாள்.

"மச்சான்" எண்டு கூப்பிட்டன். "எனக்கு ஒண்டும் இல்லையாம். ஈசிஜி எடுத்தாச்சு. நெஞ்சு அருமையாய் இருக்காம். மறிக்கத் தேவையில்லையாம்."

அவர் ஒண்டையும் நிப்பாட்டவேண்டாம் எண்டு போனிலை கத்திப்போட்டு ஓடி வந்து என்னைத் தூக்காக் குறை. நான் பாதி உண்மை சொன்னன். மிச்சப் பாதியையும் சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன்.

"அப்ப வேலையும் இல்லை, வருத்தமும் இல்லை" எண்டார் மச்சான், முகமெல்லாம் சிரிப்பு. "ஏறு வானிலை. நேரை கோல்டிங்."

இதுக்கு என்ன மறுமொழி சொல்லுறது? உங்களுக்கு ஏதும் தெரிஞ்சால் எழுதிவிடுங்கோ. எனக்கு இண்டைவரைக்கும் தெரியேல்லை.

நாலு மணி அடிக்கேக்கை நாங்கள் ஹைவேயிலை. மச்சான் பக்திப்பாட்டுப் போட்டுவிட்டார். பெரிய பாலத்திலை ஏறேக்கை கீழை கடலிலை ஒரு கப்பல் போச்சு. வதனி ஜன்னலிலை மூக்கை ஒட்டிக்கொண்டு, "இஞ்சாருங்கோ, அது எங்கடையோ?" எண்டு காதுக்குள்ளை கேட்டாள்.

"இல்லை. அது சாமான் கப்பல்."

பிறகு ஒடென்சே வந்தது. எங்கடை வீட்டுக்குத் திரும்பிற பாதை வந்தது. அதுவும் போச்சு.

அங்காலை ஒரு பெற்றோல் செற்றிலை மச்சான் இறங்கினார். அதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்த யோகம் அன்ரி கண்ணைத் திறந்தா.

"பல்கனி வைச்ச அறையோ?" எண்டா.

வதனி என்ரை கையைக் கிள்ளினாள்.

"நான் மூண்டுதரம் கப்பலிலை போனனான். பெட்டிக்கு உந்தப் பச்சை லேபல் எல்லாரும்தான் கட்டிறது. தொப்பி போட்டு மறைச்சதை இப்பத்தான் முதல்தரம் பாக்கிறன்."

"அன்ரி, அப்ப நீங்கள் அங்கையே..."

"கண்ட உடனையே தெரியும்."

"பிறகேன் ஆஸ்பத்திரிக்கு?"

"தேவன் பெடியன் ஏர்போட்டிலையிருந்தே புலம்பிக்கொண்டு வந்தவன், தங்கச்சி வரேல்லை, ஆலாத்தி எடுக்க ஆளில்லை எண்டு" எண்டா அன்ரி. "உம்மை ஒருக்கா டொக்டர் பாத்து, ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டால் பிறகு நீர் என்னத்தைச் சொல்லித் தப்புவீர்? அதுவும் உம்மடை வயசுக்கு ஒரு ஈசிஜி எடுக்கத்தான் வேணும். நான் தேவனுக்குச் சொல்லமாட்டன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை இருக்கு. பலமான ஆள் ஒண்டு தேவை. செய்வீரோ?"

"எதெண்டாலும் செய்யிறன் அன்ரி" எண்டன். வேறை என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிறையச் சனம். கப்பலிலை கப்டனோடை சாப்பிடேக்கை கட்டவெண்டு வாங்கின மயில்நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வதனி முதல் ஆலாத்தி எடுத்தாள். தேவன் மச்சான் அதைப் பாத்துக்கொண்டு நிண்ட நிலையைச் சொல்லத் தெரியேல்லை. மயூரி, "மாமி, நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு நினைச்சன்" எண்டு அவளைக் கட்டிப்பிடிச்சது. வந்ததுக்கு அந்த நேரம் நான் உண்மையாய்ச் சந்தோசப்பட்டன்.

அடுத்தது பிள்ளை உடுப்பு மாத்திக்கொண்டு ரெண்டாம்தரம் ஹோலுக்குள்ளை வாற கட்டம். இப்ப எங்கடை ஆக்களுக்கு இது பெரிய விசயம். ஒராள் பல்லக்கிலை கொண்டு வந்தால் மற்றவர் ஹெலிகொப்டர் செய்து கொண்டு வருவார். யோகம் அன்ரி வந்து என்ரை கையைப் பிடிச்சு, பின்கதவாலை கூட்டிக்கொண்டு போனா.

அலங்காரக்காரர் தலையிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டார். தள்ள இருந்த ரெண்டு பேரிலை ஒராளுக்குப் போன கிழமையே முதுகு பிடிச்சிட்டுதாம், வேறை ஆள் கிடைக்கேல்லையாம்.

"இவர் தள்ளுவார்" எண்டா அன்ரி. "நெஞ்சு அருமையாய் இருக்கு. வெள்ளிக்கிழமைதான் பாத்தது."

நான் நிமிந்து பாத்தன். காட்போட்டும் வெள்ளைத் துணியும். வரிசையாய் வட்ட ஜன்னல். மேலை புகைபோக்கி, கலர் லைற். கதவு உயரத்துக்கு ஒரு கப்பல். அதுக்கும் கீழை சில்லுத்தான்.

உள்ளுக்குப் பூந்தன். நிமிர இடமில்லை, ஒரே இருட்டு. மேலை மயூரி ஏறி நிண்டுது. மெசின் போட்ட புகை முழுக்க என்ரை மூக்குக்குள்ளை. வெளியிலை நாதஸ்வரமும் கைதட்டலும். நான் குனிஞ்சு தள்ளிக்கொண்டு போறன்.

பொக்கற்றுக்குள்ளை போனிலை மெசேஜ் ஒண்டு வந்தது. லண்டனிலையிருந்து கீர்த்தி. நாங்கள் அவளுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. டெனிஷிலை எழுதியிருந்தாள்: "ரெண்டு நாளாய் ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் கப்பலிலைதானே?"

ஒரு கையாலை தள்ளிக்கொண்டு மற்றக் கையாலை மறுமொழி எழுதினன்.

"ஓம் மகள். அப்பா அடித்தட்டிலை."